வீட்டு பாருக்குப் பழைய மரச்சாமான் தேர்வு: அளவெடுப்பதில் இருந்து பாட்டில் அடுக்கும் வரை

வீட்டின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பார் வேண்டும், அதுவும் பழைய மரச்சாமானில் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, கொச்சி மட்டாஞ்சேரி, மும்பை சோர் பஜார் என்று எங்கே போனாலும் புதிதாக வருபவர்கள் ஒரே வரிசையில்தான் இடறுகிறார்கள். முதலில் முன்பக்க வேலைப்பாட்டில் மயங்குகிறார்கள், உடனே விலை பேசுகிறார்கள், சாமான் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அளவு நாடாவைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

புடவை வைக்கும் பீரோவுக்கும் பாட்டில் வைக்கும் பீரோவுக்கும் தேவை வேறு. பாரில் மது சிந்தும், பாட்டில்கள் கனக்கும், ஐஸ் வேர்த்து ஈரம் இறங்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனையும் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத்தான்.

1. முதலில் இடம், பிறகு வழி

பார் வரப்போகும் சுவரின் அகலம், உயரம், முன்னால் இருக்கும் நடைவெளி மூன்றையும் எழுதி வையுங்கள். கதவு வைத்த அலமாரி என்றால் கதவு முழுதாகத் திறந்த பிறகும் ஒரு ஆள் நிற்க இடம் வேண்டும். கதவின் அகலத்தோடு இன்னும் இரண்டரை அடியாவது கணக்கில் சேருங்கள்.

அப்புறம் வழி. அடுக்குமாடி வீடு என்றால் லிஃப்டின் உள்ளளவு, மாடிப்படி திரும்பும் இடம், வாசற்கதவின் நிகர அகலம் ஆகியவற்றை அளக்க வேண்டும். வாசற்கதவை நிலையின் வெளிப்புறத்தில் அளப்பது பலரும் செய்யும் தவறு. கதவு திறந்து நிற்கும்போது மிஞ்சும் இடைவெளிதான் உண்மையான அளவு.

பெரிய பழைய அலமாரிகள் பலவும் பிரித்து மாட்டும்படி செய்யப்பட்டவை. மேல் மகுடம், உடல், அடிப்பீடம் மூன்றும் தனித்தனியாகக் கழன்று வரும். கடையில் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "கழலும்" என்ற வாய்வார்த்தை போதாது, ஏனென்றால் பிற்காலத்தில் யாராவது பசை போட்டு ஒட்டியிருக்கலாம்.

2. எந்த வகைச் சாமான் என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊர் வீடுகளுக்கு மூடி வைக்கக்கூடிய அலமாரியே நல்லது என்பது என் கருத்து. குழந்தைகள் இருப்பார்கள், பெரியவர்கள் வருவார்கள், பூஜை அறை பக்கத்திலேயே இருக்கும். பூட்டு வைத்த கதவு இருந்தால் இது எதுவும் தர்மசங்கடம் ஆகாது. தூசியும் வெயிலும் பாட்டிலில் படாது.

பழைய மளிகைக் கடை, மருந்துக் கடை கவுண்டர்களும் கிடைக்கும். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் ஆள் நிற்க மூன்றடி வேண்டும், முன்னால் ஸ்டூலுக்கு இன்னொரு மூன்றடி வேண்டும். தனி அறை இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

ஐரோப்பாவில் 1930களில் பரவிய காக்டெய்ல் கேபினட்டுகள் மூன்றாவது வகை. மூடியைத் தூக்கினால் உள்ளே கண்ணாடி பதித்த தட்டு மேலே எழும்பும், சிலவற்றில் விளக்கும் எரியும். இவை பெரும்பாலும் வால்நட் வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, ஒட்டியவை. பழைய மிருகப் பசை நம் ஈரக்காற்றில் தளர்ந்து வெனீர் உப்பிக்கொள்ளும். விரல் நுனியால் மேற்பரப்பு முழுதும் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம் பசை விட்ட இடம். உள் விளக்கின் பழைய ஒயரிங்கை மின்சாரத்தோடு இணைத்துப் பார்க்கவே கூடாது. ரப்பர் உறை நொறுங்கிப் போயிருக்கும், முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

3. கையில் எடுத்துப்போக வேண்டியவை

அளவு நாடா, டார்ச், சின்னக் காந்தம், ஒரு கறுப்புத் தாள், பஞ்சுக் குச்சிகள், சிறு குப்பியில் பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட், ஒரு காலி 750 மில்லி பாட்டில். கடைசியாகச் சொன்னதைப் பார்த்துச் சிலர் தயங்குவார்கள். ஆனால் தட்டுகளுக்கு இடையே பாட்டில் நிமிர்ந்து நிற்குமா என்பதை அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பகல் வெளிச்சத்தில் போங்கள். மஞ்சள் விளக்கின் கீழே எந்த மரமும் தேக்காகத் தெரியும்.

4. அடியையும் முதுகையும் முதலில் பாருங்கள்

முன்பக்கம் எப்படியும் பளபளப்பாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். உண்மை தெரிவது பாலிஷ் போடாத இடங்களில்: அடிப்பலகை, முதுகுப்பலகை, இழுப்பறையின் வெளிப்பக்கம், கால்களின் நுனி. சாமானைச் சுவரிலிருந்து நகர்த்தி, முடிந்தால் சாய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

காலின் அடியில் கறுத்து, நகத்தால் அழுத்தினால் அமுங்கினால் ஈரம் ஏறி உளுத்திருக்கிறது. கால் மட்டும் புது நிறமாக இருந்தால் அழுகிய பகுதியை வெட்டி ஒட்டு வைத்திருக்கிறார்கள். ஒட்டு வைப்பது தவறில்லை, ஆனால் எடை தாங்கும் ஒட்டா என்று பார்க்க வேண்டும். சரிவாக வெட்டி நீளமாக இணைத்த ஒட்டு தாங்கும். நேராக வெட்டி ஆணி அடித்தது தாங்காது.

முதுகில் பிளைவுட் இருந்தால் அது பின்னால் மாற்றியது, அல்லது சாமானே அவ்வளவு பழையது இல்லை. பாருக்கு இது பெரிய குறை அல்ல. விலையில் மட்டும் தெரிய வேண்டும்.

பிறகு சட்டத்தின் மேல் இரு மூலைகளைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இணைப்புகளில் துளையும் அதில் நுழையும் கழுந்தும் இறுக்கமாக இருந்தால் அலமாரி மொத்தமாக ஒரே உடலாக அசையும். மூலைகள் தனித்தனியாக நெளிந்தால் இணைப்புகளைப் பிரித்து மறுபடி பசை போட வேண்டும். இது ஒரு நல்ல தச்சருக்குச் சில நாள் வேலை, எனவே அந்தச் செலவை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

5. மரம் எது என்று நீங்களே பாருங்கள்

கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். பாலிஷ் இல்லாத இடத்தில் தேக்கு பொன்பழுப்பாக, லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், தோல் போன்ற ஒரு மணமும் வரும். ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள் ஓடி, தேக்கைவிட நன்றாகக் கனக்கும். சாதாரண மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் இழுப்பறையின் உள்ளே சாயம் நிற்கும் எல்லை கண்ணுக்குத் தெரியும்.

தேக்கிலேயே வைரம் பாய்ந்த உட்பகுதி வேறு, வெளிறிய வெளிப்பகுதி வேறு. வைரப் பகுதியைப் பூச்சி சுலபத்தில் தொடாது. வெளிப்பகுதியை உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி, தின்றுவிடும். ஒரே பலகையில் இரு நிறம் இருந்தால் வெளிறிய பக்கத்தை உற்றுப் பாருங்கள். முன்பக்கம் தேக்காகவும் தட்டும் முதுகும் மாமரமாகவும் இருக்கும் சாமான்கள் நிறைய உண்டு. பூச்சி முதலில் நுழைவது அங்கேதான், பாட்டில் எடை இறங்குவதும் அதே தட்டின் மேல்தான்.

6. உளு உயிரோடு இருக்கிறதா

பழைய மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள் இருப்பது சகஜம். துளை இருக்கிறதா என்பதைவிட, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பழைய துளையின் உட்புறம் கறுத்து, விளிம்பு மழுங்கியிருக்கும். புதுத் துளையின் விளிம்பு கூர்மையாக, உள்ளே வெளிர் நிறமாக இருக்கும்.

அடியில் கறுப்புத் தாளை விரித்து, துளைகள் உள்ள இடத்தை முஷ்டியால் தட்டுங்கள். மாவு போன்ற வெளிர் தூள் உதிர்ந்தால் சந்தேகப்படுங்கள். சாமானை நகர்த்தியதாலேயே பழைய தூள் விழலாம் என்பதால், தாளை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் போய்ப் பார்ப்பது நல்லது. மறுபடி தூள் இருந்தால் பூச்சி உயிரோடுதான் இருக்கிறது. துளைகளை மெழுகு வைத்து அடைத்து பாலிஷ் போட்டிருந்தாலும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் புள்ளிகள் தெரியும்.

உயிரோடு இருக்கும் உளுவை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. பாலிஷின் மேல் மருந்து தடவினால் உள்ளே இறங்காது, அதற்குள் கதவு நிலைகளுக்கும் புத்தக அலமாரிக்கும் பரவியிருக்கும். கடைக்காரரே மருந்து ஏற்றி, சில வாரம் வைத்திருந்து, தூள் விழவில்லை என்று காட்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

7. வயதைக் கணிப்பது

"ஆன்டிக்" என்ற வார்த்தை கடைகளில் நாற்பது வருட மேசைக்கும் உண்டு. அதனால் தடயங்களை நீங்களே சேர்க்க வேண்டும், ஒன்றை மட்டும் நம்பக் கூடாது.

இழுப்பறையின் மூலையில் இரு பலகையும் புறாவால் போல விரிந்த பற்களால் கோத்திருக்கும். அந்தப் பொருத்து சற்றே ஏறுமாறாக இருந்தால் கைவேலை. அச்சடித்தது போல ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை. கூட்டல் குறி போட்ட திருகுகள் 1930களின் நடுப்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தன. அவை முதலிலிருந்தே இருந்தவை என்று தெரிந்தால் சாமான் அதற்கு முந்தையது இல்லை.

வட்ட மேசை என்றால் அருமையான ஒரு சோதனை இருக்கிறது. பலகையின் ரேகை ஓடும் திசையில் ஒருமுறை, அதற்குக் குறுக்கே ஒருமுறை விட்டத்தை அளவெடுங்கள். மரம் குறுக்கேதான் அதிகம் சுருங்கும். அதனால் பல பத்தாண்டு ஆன வட்டம் மெல்ல நீள்வட்டமாகி, இரு அளவுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும். துல்லியமான வட்டம் என்றால் சந்தேகத்துக்கு இடம் உண்டு.

தேய்மானம் கை, கால் படும் இடத்தில் இருக்க வேண்டும்: குமிழைச் சுற்றி, ஸ்டூலின் கால்கட்டையில், இழுப்பறை ஓடும் தடத்தில். யாரும் தொடாத இடமும் தேய்ந்திருந்தால் அது பழசாக்கியது. இடித்த வீட்டின் தூண், கதவு மரத்தில் புதிதாகச் செய்யும் சாமான்களும் வருகின்றன. காரணமே இல்லாத இடங்களில் அடைத்த ஆணித்துளைகள் இருந்தால் அந்த வகை. மரம் நல்லதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், புதுச் சாமானின் விலையில்.

8. பாலிஷ்: பாருக்கு இதுதான் தலையான சோதனை

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய நல்ல சாமான்களில் பெரும்பாலும் இருப்பது பிரெஞ்சு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெல்லிய பூச்சு அது. ஸ்பிரிட் என்பது ஆல்கஹால். எதில் கரைத்துப் பூசினார்களோ, அதையே நாம் அதன் மேல் சிந்தப்போகிறோம். விஸ்கி சிந்திச் சில நிமிடம் நின்றாலே பூச்சு இளகி, தம்ளரின் அடி வட்டமாகப் பதிந்துவிடும்.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக் குச்சியை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் மெலமைன் அல்லது பியூ (பாலியூரிதேன்) போன்ற நவீனப் பூச்சு. பாருக்கு அது உழைக்கும், ஆனால் சாமான் ஒருமுறை சுரண்டி மறுபூச்சு கண்டிருக்கிறது என்று அர்த்தம். சேகரிப்பவர் கண்ணில் அதன் மதிப்பு குறைவு, எனவே விலையும் குறைய வேண்டும்.

அரக்கு என்று தெரிந்ததும் பலர் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு பியூ போடச் சொல்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல தலைமுறை வெளிச்சத்தில் கனிந்த நிறம் ஒரே நாளில் உப்புத்தாளோடு போய்விடும், திரும்ப வரவே வராது. சுரண்டாமல் அரக்கின் மேலேயே பியூ அடித்தாலும் பல சமயம் சரியாகப் பிடிக்காமல் உரிந்துகொள்ளும், ஏனென்றால் சாதாரண அரக்கில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது.

உடலை அப்படியே விட்டு, மெழுகுப் பாலிஷ் மட்டும் போடுங்கள். கலக்கும் ஊற்றும் வேலை நடக்கும் பரப்பை மட்டும் காப்பாற்றினால் போதும். விளிம்பு உயர்ந்த பித்தளைத் தாம்பாளமோ, அளவுக்கு வெட்டிய கண்ணாடியோ அங்கே இருக்கட்டும். கண்ணாடியை நேரடியாக வைக்காமல் மூலைகளில் மெல்லிய ரப்பர் பொட்டுகள் வைத்து உயர்த்துங்கள். இல்லாவிட்டால் அடியில் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு வெளுத்துவிடும்.

கறைகளைப் படிப்பதும் முக்கியம். வெள்ளை வட்டம் பூச்சில் மட்டும் ஏறிய ஈரம், நல்ல பாலிஷ்காரர் எளிதில் சரிசெய்வார். கறுப்பு வட்டம் மரத்துக்குள் இறங்கிய கறை, அதை எடுக்கப் பூச்சையே நீக்கி ஆக்சாலிக் அமிலம் போட வேண்டியிருக்கும். முதலாவதற்கு லேசாகவும் இரண்டாவதற்கு நன்றாகவும் விலை குறைத்துக் கேளுங்கள்.

9. சலவைக்கல் மேல்பரப்பு

ஸ்பிரிட்டுக்குச் சலவைக்கல் அஞ்சாது, எலுமிச்சைக்கு அஞ்சும். எலுமிச்சைச் சாறோ ஒயினோ பட்ட இடம் மெருகு போய் மங்கிவிடும். சீலர், அதாவது கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு, அடித்தால் கறை இறங்காமல் தடுக்கலாம், அமிலம் அரிப்பதைத் தடுக்க முடியாது. எனவே நறுக்குவதற்குத் தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லின் விரிசல் மேலே தெரியாமல் ஒட்டியிருப்பார்கள், அடிப்பக்கம் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். 20 மில்லிமீட்டர் தடிமன் கல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. நாலடிக்கு இரண்டடி மேசைக்கல்லே 40 கிலோ வந்துவிடும். கொண்டுவரும்போது கல்லைத் தனியாகக் கழற்றி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள். படுக்கையாக வைத்தால் வண்டி குலுங்கும்போது நடுவில் முறியும்.

10. தட்டின் பலம்

நிறைந்த 750 மில்லி பாட்டில் ஒன்று சுமார் 1.2 முதல் 1.5 கிலோ. மூன்றடித் தட்டில் இரண்டு வரிசையாக இருபது பாட்டில் நின்றால் 25 முதல் 30 கிலோ. பொம்மையும் பீங்கானும் வைக்கச் செய்த கண்ணாடி அலமாரிகளின் மெல்லிய கண்ணாடித் தட்டுக்கு இது அதிகம். அதை 8 அல்லது 10 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடியாக மாற்றுங்கள், பழைய தட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மரத்தட்டு என்றால் அடியில் முன்விளிம்பு ஓரமாக ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் தொய்யாது. புதுச் சட்டத்தைத் திருகால் பொருத்துங்கள், பசை வேண்டாம். வேண்டாதபோது கழற்ற முடியும்.

உயரத்தையும் பாருங்கள். பெரும்பாலான பாட்டில்கள் 28 முதல் 33 சென்டிமீட்டர் உயரம். தட்டுகளுக்கு இடையே 36 சென்டிமீட்டராவது இருந்தால்தான் சாய்க்காமல் எடுக்கலாம்.

பூட்டு, கீல்களையும் இதோடு சோதித்துவிடுங்கள். பித்தளை என்று சொன்னதில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

11. ஸ்டூலும் நாற்காலியும்

அமரும் உயரத்துக்கும் மேசைப் பரப்புக்கும் 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பார் கவுண்டர் 105 சென்டிமீட்டர் என்றால் ஸ்டூல் 75. பழைய கடைக் கவுண்டர் 90 தான் என்றால் 60 முதல் 65. தனித்தனியாக வாங்கிவிட்டுப் பிறகு ஸ்டூலின் காலை அறுப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கும். ஒரு ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம் ஒதுக்குங்கள்.

தோட்டத்துரைமார் நாற்காலி எனப்படும், காலைத் தூக்கி வைக்க முன்னால் நீளும் கைகள் கொண்ட சாய்வு நாற்காலி பாருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் நாற்காலியின் கைகளை நீட்டிய நிலையில் அளந்து வாங்குங்கள். பிரம்புப் பின்னல் கிழிந்திருந்தால் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருக்கின்றனவா, பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். துளை என்றால் கையால் பின்ன வேண்டும், நாளும் கூலியும் அதிகம். பள்ளம் என்றால் ஆயத்தப் பின்னலை வைத்து அடித்துவிடலாம்.

12. விலை, ரசீது, சட்டம்

விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். சாமான் விலை, தச்சு வேலை, பாலிஷ், வண்டிக்கூலி, மேலே ஏற்றும் கூலி ஐந்தையும் கூட்டி ஒப்பிடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் அடி, முதுகு, இழுப்பறை, குறைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். வந்து சேர்வது நீங்கள் பார்த்த அதே சாமான்தானா என்று சரிபார்க்க அடிப்பக்கப் படம்தான் உதவும். ரசீதில் மரத்தின் பெயர், ஏறக்குறைய காலம், செய்த பழுதுகள் எழுதி வாங்குங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வெளியூரில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. அதற்குக் குறைந்த வயதுதான் என்றால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஈட்டி மரம் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது, அந்தச் சாமானுக்குத் தனி அனுமதி ஆவணம் வேண்டும். யானைத் தந்தம் பதித்தது என்று பெருமையாகக் காட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள், தந்த வியாபாரம் இந்தியாவில் குற்றம்.

13. வீட்டுக்கு வந்த பிறகு

வந்த அன்றே பாட்டிலை அடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் காலியாக, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, ஏசி காற்று நேரே படாத இடத்தில் நிற்கட்டும். குடோனின் ஈரத்தில் இருந்த மரம் திடீரென்று உலர்ந்தால் பலகை வெடிக்கும். இந்த நாட்களில் அடியில் மறுபடி கறுப்புத் தாள் விரித்து உளு இருக்கிறதா என்று பாருங்கள்.

தினமும் வீடு துடைக்கும் ஈரம் கால்கள் வழியாக மரத்தில் ஏறும். ஒவ்வொரு காலின் கீழும் பித்தளைக் கிண்ணமோ தடித்த ரப்பர் அட்டையோ வையுங்கள். சாமான் சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். கதவு தானாகத் திறந்துகொண்டால் கீலைத் தொடுவதற்கு முன் காலுக்குக் கீழே மட்டம் சரிசெய்யுங்கள்.

அடுக்கும்போது கனமானவை கீழ்த்தட்டில், நடுவை விட்டு இரு ஓரத்துக்கும் ஒட்டி இருக்கட்டும். ஈயம் கலந்த பழைய வெட்டுக் கண்ணாடிக் குடுவை சேர்ந்து வந்திருந்தால் அதில் மதுவை ஊற்றி நாள்கணக்கில் வைக்காதீர்கள், ஈயம் மதுவில் இறங்கும். பரிமாறும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மழைக்காலத்தில் இழுப்பறை இறுகினால் உடனே இழைப்புளியை எடுக்க வேண்டாம். ஓடும் தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மழையில் செதுக்கிய இழுப்பறை பங்குனி வெயிலில் தொளதொளவென்று ஆடும். ஒரு முழுக் கோடை கடந்த பிறகும் இறுக்கம் போகவில்லை என்றால் மட்டும் தச்சரைக் கூப்பிடுங்கள்.